மண்டல மாற்றம்

கடிதம் மூன்றே வரி.
பழைய சம்மேளனம் இரண்டாகிவிட்டது.
வடக்குத் துண்டில் உங்கள் பெயர் இருக்கிறது.
சந்தாவை மாதக் கடைசிக்குள் அனுப்பவும்.
பெயரில் ஓர் எழுத்து தப்பு.

சங்கச் செயலாளர் பிபாலுக்
அதை இறால் ஆலைக்கே கொண்டுவந்து வாசித்தாள்.
அணியில் நான்கு பேர் அந்த ஷிப்டில் இருந்தோம்,
கையுறை கழற்ற நேரமில்லை.
"கண்டம் மாறிவிட்டதாம் நமக்கு" என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.
மலை இருந்த இடத்தில்தான் இருந்தது.

கிரீன்லாந்தில் ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது.
நான் கோல் காப்பது சிசிமியுட்டில்.
எனக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டிய துகும்மெக் இருப்பது
எழுநூறு கிலோமீட்டருக்கும் தெற்கே, கக்கொர்டொக்கில்.
மூட்டம் விட்டால் படகு,
படகு வந்தால் பயிற்சி.
வராத வாரங்களில்
அவள் அங்கே ஒரு சுவரைத் தடுத்தாள்,
நான் இங்கே ஒரு சுவர் எறிந்ததைப் பிடித்தேன்.

சாம்பியன்ஷிப் சாந்தோ டொமிங்கோவில்.
அண்டை நாடுகளின் போட்டி என்றது சுற்றறிக்கை.
அண்டை வீட்டுக்குப் போக
முதலில் கிழக்கே கோபன்ஹேகன்,
அங்கே நாற்காலிகளில் ஓர் இரவு,
பிறகு மறுபடி மேற்கே.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது
எங்களுக்குப் பேச்சுவழக்கு இல்லை,
பயணச்சீட்டில் அச்சடித்தது.

கிளம்பிய நான்காம் நாள்
பாதி ரொட்டி வாயில் இருக்க
துகும்மெக் என் தோளை இடித்தாள்.
கீழே வெள்ளை,
வெள்ளைக்கு ஓரத்தில் கிழிசல் கிழிசலாகக் கடல்.
"எங்க ஊர்" என்றாள்.
பதினோரு கிலோமீட்டர் ஆழத்தில்.
அணி முழுக்க ஒரே பக்கமாக எழுந்து நின்றோம்,
பணிப்பெண் அதட்டி உட்காரவைத்தாள்.
அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது,
கொடியில் காயப்போட்ட போர்வையை
எடுக்காமல் வந்துவிட்டாள்.
பலகையாய் விறைத்திருக்கும்.

அரங்கில் முப்பத்துநான்கு டிகிரி.
பந்து கையில் ஒட்டுவதற்கான பிசினை
நாங்கள் ஹீட்டர் மேல் வைத்து இளக்குவோம்.
இங்கே மூடியைத் திறந்ததும் கஞ்சியாய் வழிந்தது.
துடைப்பம் பிடித்த பையன்
எங்கள் வியர்வையைத் துரத்தியே
நாற்பது மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தான்,
அவனையும் அணியில் சேர்த்திருக்கலாம்.

முதல் ஆட்டம் பதினோரு கோலில் தோல்வி.
இரண்டாவது ஒன்பதில்.
இடையே சம்மேளன அதிகாரி, டை கட்டியவர்,
ஒரு படிவம் நீட்டினார்.
அணி கடந்து வந்த தூரம்: ______
பிபாலுக் பேனாவைக் கடித்தாள்.
காக்கை பறக்கும் தூரமா,
நாங்கள் பறந்த தூரமா?
கட்டம் சின்னது.
இரண்டில் சின்னதை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் காலை எட்டரைக்கு.
பார்வையாளர் பதினான்கு பேர், இருவர் தூக்கத்தில்.
கடைசி நிமிடம். இருபத்திரண்டு, இருபத்திரண்டு.
எதிரணிக்கு ஏழு மீட்டர் எறி.
மெக்சிகோக்காரி, சட்டையில் அரியாகா,
கண்ணால் என் இடது தோளைப் பார்த்தாள்.
முழங்கை பார்க்கவில்லை.
ஓடும் பட்டையில் கெட்ட இறாலைப் பொறுக்கும் கைக்கு
ஒரு வேகம் உண்டு, யோசித்தால் வராது.
அது அன்று காலில் வந்தது.
தொடையில் பந்து அறைந்த சத்தத்தில்
தூங்கியவர்களில் ஒருவர் விழித்தார்.

அதன்பிறகு எறிப்போட்டியில்
நான்குக்கு மூன்று, தோற்றோம்.
நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

திரும்பும் வழியில் கீழே மேகம் மட்டும்.
தொடையில் கட்டிய ரத்தம்
நீலம், பச்சை, பிறகு பழைய மஞ்சள்.
ஆலையில் எடை போடும் குப்பானுக் கேட்டான்,
"கடைசியில் நாம எந்தப் பக்கமாம்?"
"வலது" என்று காலைக் காட்டினேன்.

நேற்று சந்தாவுக்கு இரண்டாம் கடிதம் வந்தது.
இந்த முறை பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்.