பிளாஸ்க்கில் மொச்சை

காலை எட்டேகாலுக்கு
ஒரு பிடி மொச்சையைப் பிளாஸ்க்கில் போட்டு
கொதிநீர் ஊற்றி மூடிவிட்டுப் போவேன்.
கூட்டுறவு வங்கியில்
அடுத்தவர் நகைக்கு நான் வட்டி போடும் நேரமெல்லாம்
அது தன்பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும்.
தனியாக இருப்பவளுக்கு
இதைவிட நல்ல வேலையாள் கிடையாது.

மாதம் இருபத்தெட்டாம் தேதி.
தேவகோட்டையில் இரண்டு நாளாக மழை.
காய்வண்டி வரவில்லை.
ஃபிரிட்ஜில் மாத்திரை அட்டையும் பாதி எலுமிச்சையும்.
அலமாரியில்தான் கொஞ்சம் நடமாட்டம்:
பூஸ்ட் டப்பாவில் துவரை,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கத்திரி வத்தல்,
கறுத்துப்போன பழம்புளி,
யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த அப்பளக்கட்டு,
'காபி' என்று எழுதியதில் வெந்தயம்.
எழுதியது நான்தான். காபியை விட்டு மூன்று வருஷம்.

ஒன்பதரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
நனைந்த பையோடு
பிரதிவாதி.

நாளைக்கு வாய்தா.
சென்னை பஸ் திருமயத்தில் பஞ்சராகி நின்றதாம்.
லாட்ஜெல்லாம் முகூர்த்தக் கூட்டமாம்.
"மாடிப்படியில படுத்துக்கிறேன்" என்றான் வயிரவன்.
ஏழு வருஷமாக வக்கீல் வாயால் மட்டுமே பேசியவனுக்கு
சொந்தத் தொண்டை கரகரத்தது.

"சாப்பிட்டியா?"

இந்தக் கேள்விக்கு ஆட்சேபணை சொல்ல
எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அரிசி களைந்தேன்.
முதல் தண்ணீர் தொட்டிக்கு,
இரண்டாம் தண்ணீர் மண்டிக்கு.
அதில் புளியைக் கரைத்து வைத்தேன்.
வெந்நீரில் விழுந்ததும்
சுருண்ட காது போலிருந்த வத்தல்கள்
மெல்ல விரிந்து
ஒட்டுக்கேட்கத் தொடங்கின.
கேட்க ஒன்றுமில்லை.
குக்கர்தான் நாலு தரம் பேசியது.

அவன் சும்மா நிற்கவில்லை.
முளைவிட்ட சின்ன வெங்காயம் ஏழையும் உரித்தான்.
கடுகு வெடிக்கும்போது கையை நீட்டி
'காபி'யைத் திறந்து
நாலு வெந்தயம் எடுத்துப் போட்டான்.
முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
எங்கள் வீட்டில் எந்த டப்பாவிலும்
எழுதியது இருந்ததில்லை.
பத்திரத்தில் மட்டும்
எழுதியபடியே இருக்கும் என்று
இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒருத்திக்கு ஊறிய மொச்சை இருவருக்கு எப்படிப் பற்றும்?
வத்தலைக் கூட்டினேன், தண்ணீரைக் கூட்டினேன்,
மிளகாய் இரண்டு கிள்ளிப் போட்டேன்.
எண்ணெய் அடிமட்டம்; அப்பளத்தைத் தணலில் வாட்டினேன்.
அவன் பையைத் துழாவி
பஸ்ஸில் வாங்கிய மிக்சர் பொட்டலத்தை
மேசைமேல் வைத்தான்,
சான்றாவணம் தாக்கல் செய்வதுபோல.

தின்றோம்.
மழையைப் பற்றி ஒரு வாக்கியம்.
உப்பைப் பற்றி அரை வாக்கியம்.
பதினெட்டு அறை, இரண்டு கிணறு, ஒரு கார்ஷெட்டு
என்று தாவாவில் கண்ட சொத்தைப் பற்றி
மூச்சில்லை.

கடைசியில்
சட்டியில் ஒட்டிய மண்டியில்
மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டினேன்.
அதை எப்படி இரண்டாக்குவதென்று தெரியவில்லை.
அவன் கரண்டி நுனியால் கோடு கிழித்தான்.
தாலுகா சர்வேயர் தோற்றுப்போவார், அப்படியொரு கோடு.
பிறகு கோட்டைத் தாண்டி
இன்னும் கொஞ்சத்தை என் பக்கம் தள்ளி,
"ஆச்சிக்கு" என்றான்.

மனுவில் நான் ஆச்சி இல்லை,
வாதி.
இதை ஒப்புதல் வாக்குமூலமாக
எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.
நாளைக்குக் கேட்க இருப்பதைக் கேட்கத்தான் போகிறேன்,
சரிபாதி, ஓர் அறைகூடக் குறையாமல்.

அவன் கூடத்தில் குறட்டை விடும்போது
வெந்நீர் வைத்தேன்.
மொச்சை டப்பாவுக்குள் போன கை
இரண்டு பிடி அள்ளிவிட்டது.
பிளாஸ்க் கொள்ளவில்லை.
இன்னொரு பிடியைத் தூக்குச்சட்டியில் போட்டு
தட்டால் மூடிப் பக்கத்தில் வைத்தேன்.
அது ஊற நேரமாகும்.
பரவாயில்லை,
வாய்தாவும் எப்படியும்
தள்ளித்தான் போகும்.