பத்தொன்பதாம் பக்கம்

முதலாமவர் கொள்ளுப்பிட்டியில், பதினோராம் மாடி.
மேசைக்குப் பின்னால் முழுக் கடல்.
எனக்குக் கட்டணமே வேண்டாம் என்றார்.
அவர் பேனாக் குவளையில் நின்றது
பொரித்த கோழிக் கம்பெனியின் குட்டிக் கொடி.
"மிஸ், இது ஓடுற குதிரை."
குதிரைக்குக் கொள்ளு யார் வைப்பது என்று
கேட்டிருக்கலாம்.
லிஃப்டில் இறங்கும்போதுதான் தோன்றியது.

மச்சாள் பிடித்துத் தந்தவர்
ஒப்பந்தத்தைத் திறக்கவேயில்லை,
சனிமாற்றம் முடியட்டும் என்றார்.

புதுக்கடையில், ஃபோட்டோகொப்பிக் கடைக்கு மேலே
ரிஸ்மினா நூர்தீன்.
ஃபேன் அவள் பக்கம் மட்டும் திரும்பாது.
முதல் வேலையாய்த் தன் கட்டணத்தை எழுதி நீட்டினாள்:
என் ஒரு மாதச் சம்பளம்.
நெஞ்சு சுருக்கென்றது.
பிறகு பத்தொன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.
"கடையை மூடினாலும் ஐந்து வருஷம்
றோயல்டி கட்டவேணும். வாசிச்சீங்களா?"

கையெழுத்து இடும் இடத்தை மட்டும்
வாசித்திருந்தேன்.

"மூடினவங்க யாரோடயாவது கதைச்சீங்களா?"
தெஹிவளையில் ஒருவர், குணபாலன்.
இப்போது ஓட்டோ ஓட்டுகிறார்.
கோழி பொரிக்கும் இயந்திரம் அவர் ஹோலில் இருக்கிறது,
வாங்க ஆளில்லை.
அதன்மேல் பிள்ளைகளின் யூனிஃபோர்ம்
மடித்து வைத்திருந்தார்கள்.
ப்ளேன்டீ தந்தார். கம்பெனியைத் திட்டவில்லை.
அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

வாங்கு என்றோ விடு என்றோ
ரிஸ்மினா கடைசிவரை சொல்லவில்லை.
காசை எண்ணி எடுத்துப் பற்றுச்சீட்டுத் தந்தாள்.

வெள்ளவத்தை பஸ்ஸில் நின்றபடி
அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
பதினோராம் மாடி இரண்டு முறை அழைத்திருந்தது.
இன்னும் அழைக்கும்.
இலவசம்தானே.