இதர

கரையைக் கடந்துவிட்டது என்றார்கள் டிவியில்.
கடந்தபின் எங்கே போகும் என்று
யாரும் சொல்லவில்லை.
படத்தில் அம்புக்குறி கடலோரத்தோடு முடிந்திருந்தது.
நான் கடலை ஒரே முறை பார்த்திருக்கிறேன்,
மேல்மருவத்தூர் போய்த் திரும்பும்போது, மகாபலிபுரத்தில்,
பத்து நிமிஷம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.
அது பாப்பிரெட்டிப்பட்டி வரை
நம்மைத் தேடி வரும் என்று எப்படித் தெரியும்.

ஷெட்டில் இருநூறு முட்டை.
நாலாம் தோல் கழற்றி மூன்று நாள்.
அந்த வயசில் புழுவுக்கு
வாயைத் தவிர வேறு உறுப்பு இல்லை.
தின்னும் சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.
புதிதாய் வந்தவர்கள்
கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள்.

ஈரத் தழை ஆகாது அவற்றுக்கு.
வானம் இரண்டு நாளாய் வாயை மூடவில்லை.
கரண்ட் போய்விட்டது.
செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து
இலை இலையாய்த் துடைத்தோம்,
நானும் இவரும் மோனிஷாவும்.
லுங்கிகள் தீர்ந்தன.
துண்டு, பாவாடை, தலையணை உறை எல்லாம் தீர்ந்து
கடைசியில் பீரோவைத் திறந்து
என் முகூர்த்தப் புடவையை எடுத்தேன்.
சொல்லிவிடுகிறேன்,
துடைக்க நூல் புடவைதான் லாயக்கு.
பட்டு ஈரத்தை இடம் மாற்றுமே தவிர
வாங்கிக்கொள்ளாது.

வாணியாற்றில் திறந்துவிட்டார்கள் என்று
தீர்த்தகிரி வண்டியில் கத்திக்கொண்டே போனான்.
மூன்றேகால்.
இப்போதெல்லாம் எல்லோரும்
நேரத்தில் இருந்துதான் தொடங்குகிறோம்.
கோவிந்தி 'மூணு அம்பது' என்பாள்,
மாமியாரைக் கோழிக்கூண்டின் மேல் ஏற்றிய நேரம்.
உள்ளே மிதந்த சேவலை
அந்தம்மா விடியும்வரை திட்டிக்கொண்டே இருந்ததாம்.
சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.
சிரித்து முடித்ததும் எழுந்து போய்ச்
சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் துடைப்பாள்.
போகாத கோடு.

எங்கள் ஷெட்டுக்குள்
கதவின் அடியில் நுழைந்தது.
கீழ்த்தட்டு முழுசும் போயிற்று.
மேலே இருந்ததை அண்டாவில், முறத்தில்,
நாங்கள் படுக்கும் கட்டிலில்
அள்ளி அள்ளிப் போட்டோம்.
விடிந்தபோது மழை விட்டிருந்தது.
ஷெட்டுக்குள் போனேன்.
உள்ளேயும் விட்டிருந்தது.

கட்டிலில் தப்பியவை
நாலே நாளில் விறைத்துச் சாக்பீஸ் ஆயின.

வி.ஏ.ஓ. படிவத்தோடு வந்தார்.
பெயர்? பச்சையம்மாள், க/பெ. மாதையன்.
வீடு? நிற்கிறது.
மாடு? இல்லை.
"புழு கால்நடையாம்மா, பயிரா?"
கேலியாய்க் கேட்கவில்லை. அவருக்கே தெரியவில்லை.
யாருக்கோ போன் போட்டார். டவர் இல்லை.
"கால்நடைன்னா எத்தனை தலை,
பயிர்னா எத்தனை சென்ட்."
எண்பதாயிரம் தலை என்றேன்.
பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
பிறகு 'இதர' என்ற கட்டத்தில்
பொடி எழுத்தில் எழுதத் தொடங்கி
இடம் போதாமல்
கீழ் வரியில், தீர்த்தகிரியின் ஆடுகளுக்குள் இறங்கினார்.

மல்பெரி மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
சேற்றை வழித்து, முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டோம்.
பொங்கலுக்குள் துளிர்த்தது,
ஏதோ கோபத்தில் துளிர்த்த மாதிரி.
ஷெட்டுக்குச் சுண்ணாம்பு, பிளீச்சிங்.
வளைந்த தட்டை நிமிர்த்த
வெல்டிங்காரர் கடனுக்கு வந்தார்.
மாசியில் நூறு முட்டை வாங்கினோம். நூறுதான்.
மீதி நூறுக்குத் தைரியம் வரவில்லை,
பணமும்தான்.

நாலாம் தோல் கழிந்து மூன்றாம் நாள் ராத்திரி
இவர் திடுக்கென்று எழுந்தார்.
"மழை."
"தழை" என்றேன்.
காதில் வாங்காமல் வெளியே போய்
இருட்டில் கையை நீட்டி நின்றார்.
வானம் கொள்ளாத நட்சத்திரம்.
உள்ளங்கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்தார்,
காய்ந்த கையை.

நான் போய்க்
கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்தேன்.
எதற்கும் இருக்கட்டும்.