முப்பத்தோராம் நாள்

வீகோ துறைமுகத்தில் கயிறு அவிழ்த்தபோது
என் கைப்பேசியில் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
மாதச் சந்தா தவறாமல் கட்டியவை.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னப் பச்சை அம்பு:
இறக்கியாயிற்று.
மாவு மூட்டையை எண்ணிப் பூட்டியவன் போல
நம்பிக் கிளம்பினேன்.

தென் அட்லாண்டிக்கில் கணவாய் பிடிக்கும் கப்பல்.
நான் சமையற்காரன். முப்பத்தாறு வயிறு.
செயற்கைக்கோள் இணைப்பு கேப்டன் அறையில் உண்டு,
வானிலைக்கும் மீன் விலைக்கும் மட்டும்.

முப்பதாம் நாள் தாண்டி
வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கையில்
பாட்டு பாதியில் நின்றது.
பட்டியல் முழுக்கச் சாம்பல்.
ஒருமுறை இணையத்துக்கு வந்து முகம் காட்டச் சொன்னது திரை.
எதற்கு, யாரிடம்?
பக்கத்துக் கோபுரம் நாலு நாள் பயணம்.

எந்திர அறை ப்ராய்ஸ் சிரித்தான்.
பென் டிரைவ் ஒன்றை நீட்டினான். பதினோராயிரம் பாட்டு.
பாடியவர் பேர் கிடையாது.
'தடம் 07', 'தடம் 07 புதுசு',
'தடம் 07 இதுதான்'.
ஊரான் வீட்டு நெய்; அவன் கை தாராளம்.

நான் தொடவில்லை என்றால் அது பொய்.
இருபது நாள் கேட்டேன்.
பிறகு அதிகாரி ஏறினார், அளவுகோலோடு.
வலைக்கண்ணை ஒவ்வொன்றாக விரித்து அளந்தார்.
பெட்டி பெட்டியாக எடை, தேதி, கப்பல் எண்.
என் காதில் பேரில்லாத யாரோ
பாடிக்கொண்டிருந்தார்கள்.
கழற்றி வைத்தேன்.

கரையில் தேடினேன்.
ஒரு கடையில் 'வாங்கு' என்று பொத்தான்.
அதன் கீழே பதினான்கு பக்கம்;
ஒன்பதாம் பக்கத்தில்தான் தெரிந்தது
வாங்கவில்லை, குடியிருக்கிறேன் என்று.
இன்னொரு கடை நேர்மை.
காசு போனது, கோப்பு வந்தது,
பிறகு என்னை மறந்துவிட்டது.
அப்படியே இருநூறு பாட்டு சேர்த்தேன்.

ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.
மூன்று பேர் குழு, ஒரே ஒரு இசைத்தட்டு,
அதில் கடைசிப் பாட்டு.
வெளியிட்ட நிறுவனம் மூடிப் பல வருடம்.
அக்கார்டியன் வாசித்த சபேலா
லூகோவில் டயர் கடை வைத்திருக்கிறாள்.
எட்டுப் பாட்டை அன்றிரவே அனுப்பினாள், ஏழு யூரோ.
'ஒன்பதாவது நான் விற்க முடியாது,
பாதி பெபுவுடையது.
பெபு இப்போது இல்லை.
பாஸலில் பேருந்து ஓட்டும் அவன் தங்கை உஷீயாவைக் கேள்.'

கேட்டேன்.
ஒன்பது வாரம் பதில் இல்லை.
ப்ராய்ஸின் பென் டிரைவில் அது இருந்தது,
'தடம் 09 கடைசி' என்று.
இருந்தது என்று எனக்குத் தெரியும்.
அவ்வளவுதான் சொல்வேன்.

பத்தாம் வாரம் மூன்று வரி வந்தது:
'அண்ணன் பாட்டுக்கு இதுவரை
யாரும் என்னைக் கேட்டதில்லை.
எவ்வளவு வாங்குவது என்று எனக்குத் தெரியாது.'
எனக்கும் தெரியாது.
சபேலாவுக்கு அரை யூரோ, உஷீயாவுக்கு அரை யூரோ
என்று முடிவாயிற்று.
வங்கிக் கட்டணம் அதைவிட அதிகம்.
உஷீயா ரசீது அனுப்பினாள்,
பேருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி,
படம் பிடித்து.

இன்று மீண்டும் கணவாய்க் கடல்.
முப்பத்தோராம் நாள். எதுவும் சாம்பலாகவில்லை.
ப்ராய்ஸ் எட்டிப் பார்த்தான்: 'அதைக் கொடேன்.'
முகவரியைக் கொடுத்தேன்.
கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
எண்ணெய்க் கை; எத்தனை நாள் நிற்குமோ.

இரண்டாவது நிமிடத்தில் பெபு
முரசுக் குச்சியை நழுவ விடுகிறான்.
குனிந்து எடுக்கிறான்.
யாரோ அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள்.
அந்த இடத்தை நாலாம் முறை
பின்னுக்குத் தள்ளிக் கேட்டதில்
வெங்காயம் கருகிவிட்டது.