இணைப்பு: ஒன்று

திங்கள்சந்தை தாண்டும்போது கண்டக்டர் கேட்டார்,
மடியில என்ன, கருவாடா?
வீடு என்றேன்.
அவர் சிரித்தார்.
ஜவுளிக்கடைப் பைக்குள்
இரண்டரைக் கிலோ வீடு.

வெள்ளி ராத்திரி கூரையிலிருந்து விழுந்தது,
ஷாரோன் உருண்டு போன பிறகு
பாயில் மிச்சமிருந்த இடத்தில்.
அவள் முழிக்கக்கூட இல்லை.
நான்தான் விடியும்வரை
அவள் மூக்குக்கு முன்னால்
விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கோ தூரக்கடலுக்கு அடியில்
பூமி புரண்ட அன்று எனக்குப் பதினொன்று.
கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிறு.
அம்மையின் பெயர் வியாகுலமேரி.
பட்டியலில் வியாகுலமணி என்று எழுதிவிட்டார்கள்.
அந்த ஒரு 'மணி'யை அடிக்க
அப்பா நாலு தடவை தக்கலைக்குப் போனார்.

பூமிமேல் எனக்கு வழக்கில்லை.
அது எதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புரளவில்லை.
காலனி வீட்டுக்குப் போட்டவர்கள் உண்டு:
சிமெண்ட் இத்தனை, ஆற்றுமணல் இத்தனை
அளந்து பார்த்தேன் என்று ஒருவர்,
அவர் பார்த்ததைப் பார்த்தேன் என்று இன்னொருவர்.

நாகர்கோவிலில் குறைதீர்க்கும் நாள்.
டோக்கன் நூற்றுப் பதினாறு.
முன்வரிசையில் தனிஸ்லாஸ் மாமன்,
பட்டா கேட்டு ஏழாவது தடவை,
கையில் அதே மஞ்சள் ஃபைல், வாயில் அதே ஏலக்காய்.
இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்.
பெல்சிட்டா யாரு?

"காலனி கோப்பா? அது இல்லையேம்மா.
சுனாமியில போயாச்சு."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
கொளச்சலிலிருந்து இங்கே வர
எனக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆனது.
அலை எந்த பஸ் பிடித்ததோ.

"சார், கடலு வந்ததுக்குப் பொறவுதானே எங்களுக்கு வீடு?
வீட்டுக்குத்தானே கோப்பு?
அப்பம் எந்தக் கடலு சார் கொண்டு போச்சு?"

கூடத்தில் யாரோ இருமினார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

பையை மேசைமேல் கவிழ்த்தேன்.
கம்பி, நனைந்த பிஸ்கட் போல,
விழுந்த வேகத்தில் உதிர்ந்தது.
உடைந்த முகத்தில் சிப்பிகள்.
ஒன்றில் ஊதா வரிகூட மங்கவில்லை.

ஆற்றில் ஏது சார் சிப்பி
என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
அவரும் கடற்கரைக்குப் போயிருப்பார், பிள்ளைகளோடு.

ரசீது வேணும் என்றேன்.
மனுவுக்குத் தருவோம், இதுக்கு எப்படிம்மா?
இணைப்புன்னு எழுதுங்க.
எழுதினார். இணைப்பு: ஒன்று.
எத்தனை சிப்பின்னும் எழுதுங்க.

நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டு எண்ணினார்.
ஒன்று. இரண்டு. திருப்பிப் போட்டு, மூன்று.
பதினெட்டு வருடத்தில்
ஆபீஸிலிருந்து ஒரு கை
எங்கள் வீட்டைத் தொட்டது அன்றைக்குத்தான்.

சீல் விழுந்த இடத்தில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது.
ஊதாமல் மடித்துக்கொண்டேன்.

ராத்திரி மழைக்கோள்.
பாயை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டேன்.
ரசீது டிரங்குப் பெட்டியில்.
மீதிக் கூரை
மேலே.