திருத்தத்துக்கு முந்தைய பிரதி

நவம்பர். ஓவுலுவில் மூன்று மணிக்கே
விளக்குப் போட்டாயிற்று.
உறைந்த ஆற்றின் தடிமனைக் கணக்கிடும் நிரல் எங்களுடையது.
அதன் கையேட்டில் செத்த இணைப்புகள் நாற்பத்து மூன்று.
"அழித்துவிடு ரைலி, யாரும் படிப்பதில்லை" என்றான் தாப்பியோ.
படித்திருந்தால் புகார் வந்திருக்குமே என்று
நானும் பத்து வருடம் நினைத்திருந்தேன்.

முதல் இணைப்பு காலணி விற்றது.
இரண்டாவது டேனிஷில் மன்னிப்புக் கேட்டது.
மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது,
கடனைத் திருப்பிக் கேட்கப் போன வீட்டில்
வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல்
நிற்கவைப்பார்களே, அப்படி.

ஒவ்வொன்றாகக் காப்பகத்தில் தேடி
கிடைத்த பிரதியின் முகவரியை ஒட்டினேன்.
முகவரிகள் நீண்டன. நடுவே பதினான்கு இலக்கம்:
வருடம் மாதம் நாள், மணி நிமிடம் நொடி,
ஜாதகத்துக்குக் குறித்துவைத்த பிறந்த நேரம்போல.

பதினேழாவது, ஏய்னோ ஹாப்பாலாவின் பக்கம்.
குளிர்ந்த நாட்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து,
ஓர் எண்ணால் பெருக்கச் சொல்வது.
வரைபடம் இருந்த இடத்தில் சாம்பல் சதுரம்.
அடிக்குறிப்பு மட்டும் உதிரவில்லை:
"பிழை கண்டால் தொலைபேசுங்கள். மாலை ஆறுக்கு மேல்."

இரண்டு பிரதிகள் இருந்தன.
2009 மார்ச்சில் அந்த எண் ஒன்று புள்ளி ஏழு.
2011 ஜனவரியில் ஒன்று புள்ளி நான்கு.
பக்கத்திலேயே ஒரு வரி:
வெண்பனி மூடிய ஆற்றுக்கு முன்பு எழுதியது தவறு, மன்னிக்கவும்.

நிரலைத் திறந்தேன்.
ஒன்று புள்ளி ஏழு.
எழுதியவள் நான். 2010.

பத்து சென்டிமீட்டர் என்று நாங்கள் சொன்ன இடத்தில்
எட்டுதான் இருந்திருக்கும்.
யாரும் விழுந்ததாகச் செய்தி இல்லை.
செய்தி இல்லை என்பதை
இன்று மதியம்வரை நம்பியிருந்தேன்.

ஆறு ஐந்துக்கு அந்த எண்ணை அழைத்தேன்.
உபயோகத்தில் இல்லையாம்,
பின்னிஷில் ஒரு முறை, ஸ்வீடிஷில் ஒரு முறை.

கையேட்டில் இரண்டு பிரதிகளையும் வைத்தேன்.
ஒன்று, நாங்கள் எடுத்த இடம்.
மற்றது, திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய இடம்.
எண்ணைத் திருத்தி, காரணத்தை என் பெயரிலேயே எழுதி
தாப்பியோவுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமைதோறும் ஆற்றில் துளைபோட்டு
மீனுக்காக உட்கார்ந்திருப்பவன் அவன்.
வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு: இன்னும் எத்தனை?
இருபத்தாறு.
பதின்மூன்றை எனக்குத் தள்ளு.