நான்காம் பாகம்

முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில்
பகலவனுக்குப் பசிக்கிறது.
காட்டேரிக்குப் பகலவன் என்று பெயர் வைக்க
என் எழுத்தாளரால்தான் முடியும்.
மூன்று பாகமாக அந்தக் குசும்பை மன்னித்து வருகிறேன்.

அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்கு
ஸ்டாஃப் பேருந்தில் நாற்பது நிமிடம்.
நெரிசல் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம்.
நெரிசல் வேண்டுமென்று
மாதாவிடம் கேட்கிறவள் இந்த வண்டியில் நான் ஒருத்திதான்.

வால்பாறை. பனி இறங்குகிறது.
தேயிலைக் கிடங்கின் கதவுக்கு வெளியே அவன்.
உள்ளே ஒருத்தி, விளக்கைத் தணித்துக்கொண்டு.
கூப்பிடாமல் வாசல் தாண்டக் கூடாது,
அவர்கள் சட்டம் அது.
நானூறு வருடம் சட்டம் மீறாதவன்
"வரட்டுமா?" என்று வாயெடுக்கும்போது
டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.
வெளியே ஜூலை.
காலை ஆறரைக்கே முகத்தில் அடுப்பு.

விசா மருத்துவப் பரிசோதனை, மூன்றாம் அறை.
நாற்காலி, ரப்பர் பட்டை, பஞ்சு,
நாளைக்கு நூற்றியிருபது கை.
திரையில் எண் விழுந்தால்
சட்டையை மடித்துக்கொண்டே வந்துவிடுகிறார்கள்.
சிமெண்ட் தின்ற கை.
நரம்பே தெரியாத கை, நரம்பு மட்டுமே தெரிகிற கை.
"இம்புட்டு எடுக்கீயளே, எங்க கொண்டு வைப்பீய?"
மூன்று மில்லி, அண்ணாச்சி.
ஒரு தேக்கரண்டிகூட வராது.

என் எழுத்தாளர் ஒரு கழுத்துக்கு மூன்று பக்கம் எடுத்துக்கொள்வார்.
செக்கச் செவேலென்று வேறு எழுதுவார்.
நரம்பில் வருவது நாவற்பழக் கறுப்பு.
அதையும் மன்னித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை, எண்பத்து நாலாவதாக
இருளப்பன் முனியாண்டி, இருபத்தாறு வயது, கமுதி.
பட்டையை இறுக்கும்போது
என் பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையைப் பார்த்துவிட்டான்.
"சிஸ்டர், நாலாம் பாகமா!"
கை தளர்ந்து
நரம்பு தானாக மேலே வந்தது.
"நான் முடிச்சிட்டேன். ஏர்போர்ட்ல ஒம்பது மணி நேரம் லேட்டு.
கடைசியில அந்தப் பகலவன் என்ன பண்றான்னா..."
"வாயை மூடு."
ஊசி உள்ளே இருக்கும்போது
யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.
சிரித்தான்.
கை அசையாமல் சிரிக்கத் தெரிந்திருந்தது.
"சரி சரி, முடிவைச் சொல்லல."

குழாயில் பெயர் ஒட்டினேன்.
பஞ்சை அழுத்திக்கொண்டு போனவன் வாசலில் திரும்பினான்.
"என் முடிவு எப்ப வரும், சிஸ்டர்?"
வியாழக்கிழமை. போனுக்கு மெசேஜ்.
நெஞ்சு எக்ஸ்ரேயும் சேர்த்து.
தேறாவிட்டால் என்ன என்பதை
வட்டிக்குக் கொடுத்தவனே கமுதியில் சொல்லியிருப்பான்.
"நீங்க முன்னாடியே பார்த்துச் சொல்ல முடியாதா?"
மாடியில் யாரோ படிக்கிறார்கள்.
எனக்குக் கீழே கைகள் மட்டும்தான்.

வியாழன் மாலை மாதா கண் திறந்தாள்.
பாலத்தடியில் ஒரு லாரி கவிழ்ந்து, இரண்டு மணி நேரம்.
கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன்.

எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்று பாகம் காத்திருந்தது இதற்கா?
இதை மட்டும் மன்னிக்கிற மாதிரி இல்லை.
சண்டை போட்டே ஆகவேண்டும்.
இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து
அதைப் படித்தவன் ஒருத்தன்.
அவன் இந்நேரம் ஏதோ ஒரு கேம்ப்பில்
மேல் கட்டிலில் கால் நீட்டியிருப்பான்.
இல்லையென்றால் கமுதியில்.

திங்களன்று நூற்றிப்பதினேழு கை.
முடித்துவிட்ட புத்தகத்தை ஏன் சுமக்கிறாய் என்று
பக்கத்து அறை மரீசெல் கேட்கிறாள்.
பையின் ஜிப்பைப் பாதி திறந்து,
அட்டை வாசலைப் பார்க்கும்படி வைக்கிறேன்.